அம்மாவின் மூக்குத்திக் கல்

சீதனம் வேண்டாம் என்று சொன்னேன். அதுதான் நான் விட்ட முதற் பிழை.

நல்ல மனசுக்காரன் என்று பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். மடையன்! நயினாதீவில் பெண் வீட்டில் அன்று பின்னேரமே கதை தொடங்கிவிட்டதாம்: "சீதனம் வேண்டாமெண்டு ஒரு பெடியன் சொல்லுறானெண்டா அவனுக்கு ஏதோ வருத்தம் இருக்கு." எங்கள் பகுதியில் காணி, வீடு, நகை எல்லாம் கேட்கிற மாப்பிள்ளையை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. கேளாதவனைத்தான் டொக்டரிடம் காட்டச் சொல்வார்கள்.

பெண் வேறு யாருமில்லை. வேலணையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். ஒவ்வொரு நாளும் நயினாதீவிலிருந்து மோட்டார் வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே பஸ் பிடித்து, முதல் மணி அடிக்க முன்னம் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். இரண்டு வருடம் கதைத்துப் பழகிய பிறகு முறைப்படி தரகரை அனுப்பினேன். அது எண்பத்தாறாம் ஆண்டு. அவளை விட்டால் எனக்கு வேறு ஒருத்தி இல்லை என்று நம்பிய வயது. அந்த நேரம் அந்த வீட்டார் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேட்டார்கள். தரகர் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வந்து சொன்னார்:

"தம்பி, அவை பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. மூத்தவளுக்கு, ஜேர்மனியில இருக்கிற மாப்பிள்ளை எழுத்தண்டைக்கு வைர மோதிரம் போட்டவராம். இளையவளுக்கும் சின்னக் கல்லெண்டாலும் வைரமாப் போட்டா ஊர்வாய் மூடும் எண்டு தாய் சொல்லுறா."

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. தாலி கட்டுவதற்கு முன்னமே ஒரு நாளில் பதிவுகாரரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வைத்து, மோதிரம் மாற்றுவது எங்கள் வழக்கம். எல்லாரும் பவுன் மோதிரம் மாற்றினார்கள். எனக்கு மட்டும் ஜேர்மன்காரனோடு போட்டி, அதுவும் ஒரு வாத்தியாரின் சம்பளத்தில்.

புளியங்கூடலில் ஒரு பத்தர் இருந்தார். நகை செய்கிறவரை நாங்கள் மரியாதையாகப் பத்தர் என்போம். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுகிற மனிதர். என்னிடம் இருந்த காசைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் காசுக்கு வைரம் வாங்கேலாது தம்பி. வைரத்தைப் பற்றிக் கதைக்கலாம்."

என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கினார் போலிருக்கிறது. "வீட்டில பழைய கல்லொண்டு கிடந்தாக் கொண்டாரும். கூலிக்கு நான் உம்மட கழுத்தை நெரிக்கமாட்டன்" என்றார்.

வீட்டில் ஒரு கல் கிடந்தது. அம்மாவின் வைர மூக்குத்தி. ஐயா செத்த அன்று கழற்றியது. பஞ்சில் சுற்றி, வெறும் பவுடர்ப் பேணி ஒன்றுக்குள் போட்டு, அலுமாரியின் மேற்தட்டில் வைத்திருந்தார். மண்கும்பானுக்குச் சைக்கிளை மிதித்துப் போய் இறங்கின கையோடு கேட்டேன். அம்மா அடுப்பைவிட்டு எழும்பவேயில்லை.

"அது சரிவராது மோனை. தாலியறுத்தவளின்ர கல்லை வாழப்போற பிள்ளைக்குப் போடப்படாது."

"ஆர் போட்டதெண்டு கல்லுக்கு என்னம்மா தெரியும்?"

"கல்லுக்குத் தெரியாது. சனத்துக்குத் தெரியும்."

"சனத்துக்கு ஆர் சொல்லப்போறது? நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாக் காணும்."

அப்படித்தான் சொன்னேன். பெற்ற தாய்க்கு, என் சொந்த வாயால். அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் பேணியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மூக்கில் அந்தத் துளை அப்போதும் தூராமல் இருந்தது.

பவுனுக்கு என் பஞ்சாயுதத்தைக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் எனக்குப் போட்ட குழந்தை நகை அது. பத்தர் மூக்குத்தியிலிருந்து கல்லைப் பிரித்து, கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தார்.

"கல்லு துப்பரவு. புள்ளியில்லை, கீறலில்லை. ஆனா இப்ப கட்டமாட்டன். எட்டு நாள் பொம்பிளை வீட்டில வைச்சுப் பாக்க வேணும். கட்டினாப்பிறகு ஏதும் நடந்தா என்ர கையைத்தான் பிழை சொல்லுவினம்."

வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது என்பது எங்களவர்களின் நம்பிக்கை. கட்டுமுன் அதைப் போடப்போகிறவளின் வீட்டுச் சாமியறையில் எட்டு நாள் வைப்பார்கள். அதற்குள் காய்ச்சல், சண்டை, மாடு சாவு என்று ஏதும் வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூட இடைவேளையில் பொட்டலத்தை அவளிடமே கொடுத்தேன். வகுப்பில் எழுதுகிற வெண்கட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்தில் வாங்கினது என்றேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு! காலையில் அவள் பஸ்ஸால் இறங்குகிறபோதே முகத்தைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் தகப்பனுக்குத் தும்மலும் தடிமனும் என்று சொன்னாள். எனக்கு உயிர் போய் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் புளியங்கூடலுக்கு ஓடினேன்.

"தடிமனெல்லாம் கணக்கில்லை. நீர் போய்ப் பிள்ளையளுக்குப் படிப்பியும்" என்று பத்தர் கலைத்துவிட்டார்.

ஏழாம் நாள் அவள் சிரித்துக்கொண்டு இறங்கினாள். வெளிநாட்டுக்கென்று வெளிக்கிட்டு ஐந்து மாதமாக இருந்த இடம் தெரியாமற் போன அவளுடைய தமையனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பாரிசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானாம். பெண்ணின் தாய் கல்லை வெள்ளித் தட்டில் வைத்து, செவ்வரத்தம்பூப் போட்டு, கர்ப்பூரம் காட்டினாவாம். "கல்லு வந்த ராசி" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாவாம். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூசி நின்ற என் தாயின் கல்லுக்கு அங்கே சாமியறையில் பூசை!

அம்மாவிடம் சொன்னேன்.

"உண்மையே? கடிதம் வந்திட்டுதே?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். முகம் அப்படி மலர்ந்து ஐயா செத்தபிறகு நான் கண்டதில்லை. "என்ர கல்லு..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மோதிரம் செய்கிற அன்று பத்தருக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன். பவுன் உருக்கும்போது உடையவன் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். பத்தருக்கும் அது தெரியும். "நல்லாப் பாரும், பிறகு நான் விழுங்கிப்போட்டன் எண்டு சொல்லாதையும்" என்று சொல்லிச் சொல்லியே ஊதினார். வளையத்தை மெல்லிசாக இழுத்து மிச்சம் பிடித்த பவுனைக் கல்லைச் சுற்றிப் போட்டார். கல்லின் அடியை மூடாமல் திறந்துவிட்டார். அப்போதுதான் வெளிச்சம் ஏறி, சின்னக் கல்லும் பெரிதாகத் தெரியுமாம். முடிந்ததும் வெயிலில் பிடித்துக் காட்டினார். சொன்னால் என்ன, அழகாகத்தான் இருந்தது.

எழுத்துக்கு நயினாதீவுக்குப் போனோம். மோதிரத் தட்டை அம்மாவின் தங்கை, என் சித்தி, ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தா. அம்மா எல்லாருக்கும் பின்னால் வந்து, வீட்டுக்குள் ஏறியதும் குசினி வாசலோடு ஒதுங்கி நின்றுவிட்டார். கையெழுத்து வைத்தோம். நான் அவளுடைய விரலில் மோதிரத்தைப் போட்டேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெண்ணின் தாய்க்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"கல்லெண்டா இதுவல்லோ கல்லு! எங்கை தம்பி வாங்கினது?"

"யாழ்ப்பாணத்தில, மாமி."

"எந்தக் கடை?"

"கடையில்லை, தெரிஞ்ச ஒராள் மூலமா."

குசினிப் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாமலே அம்மா வருவது தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நானும் ஒருக்காப் பாக்கட்டே பிள்ளை" என்று அவளுடைய விரலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

பெண்ணின் தாயின் கை இடையில் வந்தது. தள்ளவில்லை, சும்மா தடுத்தது. குரலிலும் கடுமை இல்லை.

"நீங்கள் அங்கால நிண்டு பாருங்கோ அக்கா. நல்ல காரியமெல்லே. குறை நினையாதேங்கோ."

அம்மா நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "ஓம் ஓம், நான்தான் மறந்துபோனன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்னுக்குப் போனார்.

மாமி, அது அம்மாவின்ர கல்லு. ஒரு வசனம்தான். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த இடத்திலேயே மோதிரம் கழன்றுவிடும். கலியாணமும் அதோடு சரி. எல்லாம் ஒரு கணத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் கணக்கு வாத்தியார் அல்லவா? பலகாரத் தட்டிலிருந்து ஒரு சிப்பிப் பலகாரத்தை எடுத்துக் கடித்தேன். அதுதான் நான் என் தாய்க்காகச் செய்தது.

திரும்பி வருகிறபோது வள்ளத்தில் அம்மா என் பக்கத்தில் இருந்தார். திட்டுவார், அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். குறிகட்டுவான் கிட்ட வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கல்லு நல்லா வெளிச்சம் விட்டுது, என்ன? என்ர மூக்கில கிடக்கேக்கை கண்ணாடியில பாத்ததுதான். இப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது."

கலியாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். தொண்ணூறில் தீவே இடம்பெயர்ந்தபோது நாங்களும் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணம் போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலும், பிறகு வாடகைக்கு ஒரு அறையிலும் இருந்தோம். மூன்று வருடம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தார். மனைவியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கழுவித் துடைத்து, தன் தாயைப் போலத்தான் பார்த்தாள்.

ஒரு நாள் காலை கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண் அவளுடைய விரலிலேயே நின்றது.

"மோதிரத்தைப் பாக்கப் போறீங்களே மாமி?" என்று கேட்டு, உடனே கழற்றி நீட்டினாள்.

அம்மா இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. நான் தொடப்படாது. நீங்கள் நல்லா இருக்க வேணும்."

"என்ன மாமி விசர்க்கதை, பிடியுங்கோ." பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கோவன்."

அம்மாவும் என்னைப் பார்த்தார். அப்போது இழக்க என்ன இருந்தது எனக்கு? எழுத்து முடிந்து ஏழு வருடம். இனி மோதிரத்தைக் கழற்ற யார் வரப்போகிறார்கள்? இருந்தும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"விரும்பாட்டி விடுமன். கஞ்சி ஆறப்போகுது."

அந்தக் கிழமை முடியுமுன் அம்மா போய்விட்டார்.

மோதிரம் இன்றும் அவளுடைய விரலில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டுவாள். இது ராசியான கல்லு, அண்ணை பாரிசுக்குப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் ஷெல்லுக்குத் தப்பினதும் இதால்தான், இவர் எனக்கென்று யாழ்ப்பாணத்தில் வாங்கினவர் என்பாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து ஓம் என்று சொல்வேன்.