ஆழ்வாப்பிள்ளை கல்லில் வைத்த வாகனம்

இணுவிலில் வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். நிறம் தெரிந்தவர் ஒருவர்தான், ஆழ்வாப்பிள்ளை. இதைச் சொல்ல யாருக்கும் அஞ்சத் தேவையில்லை. விபத்தில் நசுங்கிய வானைக் கொண்டுவந்து விட்டால், நிற அட்டை எதுவும் அவருக்கு வேண்டாம். ஒரு தடவை வெயிலில் பார்ப்பார், ஒரு தடவை நிழலில் பார்ப்பார். பிறகு உள்ளே போய் நாலு பேணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குவார். பூசிக் காய்ந்த பிறகு எந்தப் பக்கம் நசுங்கியது என்று சொந்தக்காரனே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. புகையிலைத் தோட்டம் செய்த தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர, பதினொரு வயதில் வாகனம் திருத்தும் கராச்சில் எமரிக் கடதாசி தேய்க்கப் போனவர். இருபத்தாறு வயதில் சொந்த வளவில் சொந்தக் கொட்டகை போட்டார். கைதூக்கி விட ஒருவரும் வரவில்லை, அவர் ஒருவரையும் கேட்கவுமில்லை. படித்தவர்களின் கார்களெல்லாம் அந்தப் படிக்காதவரின் வாசலில்தான் வரிசையில் நின்றன.

பிள்ளைகள் இல்லை. மனைவி பத்மாசினி ஏழு வருடங்களுக்கு முன் போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் வாகனம் கொண்டுவருகிறவர்கள் திறப்பை நீட்டிவிட்டு, காதில் தொலைபேசியோடு திரும்பிப் போய்விடுவார்கள். காலையில் கேற்றைத் திறந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அவர் வாயிலிருந்து வந்த சொற்களை எண்ணினால் சில நாட்களில் இருபது தேறாது.

இந்த வருடம் தைப் பொங்கல் கழிந்த கையோடு இரண்டு பேர் வந்தார்கள். வாகீசனுக்கு முப்பது வயதிருக்கும், கோபிகாவுக்கு ஒன்றிரண்டு குறையும். இணுவிலுக்குக் கிட்டவுள்ள திருநெல்வேலியில் ஒரு மாடி அறையை எடுத்துக் கணினி விளையாட்டு செய்கிறவர்கள். எங்கேயோ தொலைவில் இரண்டு சூரியன் உள்ள ஒரு உலகம், மூவாயிரமாம் ஆண்டு, அங்கே ஒரு சண்டை. அந்தச் சண்டையில் பன்னிரண்டு வாகனங்கள் எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிய வேண்டும். கணினி போட்டுக் கொடுத்த நிறமெல்லாம் கட்டில் விரிப்பைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கிறதாம். முழங்கை நீளத்தில் பிளாஸ்ரிக் வாகனங்களை அச்செடுத்துத் தருவார்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. அவர் ஒன்றில் நிறம் அமைத்துக் கொடுத்தால், சுற்றிவரப் படமெடுத்து விளையாட்டுக்குள் ஏற்றுவார்கள். மற்றது பழுதுபட்டால் மாற்றுக்கு.

ஆழ்வாப்பிள்ளை முதலில் கேட்டது, "எந்த ஆமிக்குத் தம்பி?"

"ஒரு ஆமிக்குமில்லை ஐயா. உது வேறை கிரகம்."

"அப்ப சரி. ஆர் பாக்கிறது? எங்கையிருந்து பாக்கிறது?"

அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. பல்கலைக்கழகம் முடித்தவர்கள்!

ஆழ்வாப்பிள்ளை அதை யோசித்து முப்பது வருடமாகிறது. தொண்ணூறுகளில் வானத்தில் குண்டு விமானங்களின் இரைச்சல் கேட்ட காலத்தில் லொறிக்காரர் அவரிடம்தான் ஓடிவந்தார்கள். முகம் தெரியும்படி தான் மினுக்கிய லொறிகளின்மேல், செம்மண்ணையும் சாணியையும் கஞ்சியில் கரைத்துத் தன் கையாலேயே பூசினவர் அவர். வாகனத்தைக் காட்டிக் கொடுப்பது நிறமில்லை, விளிம்பும் நிழலும் என்று அப்போதே பிடித்துவிட்டார். ஆகவே சில்லு வட்டமாகத் தெரியக்கூடாது. ஒரு கறுத்தப் பட்டை சில்லில் தொடங்கி உடம்பில் ஏறி முடிய வேண்டும். இடப்பக்கம் போல வலப்பக்கம் இருக்கக்கூடாது. மேலே கறுப்பு, அடியில் வெளிர். ஏனென்று வாகீசன் கேட்டதற்கு, சந்தையில் சூடை மீனைப் பார்த்ததில்லையா, முதுகும் வயிறும் ஒரே நிறமா என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டு சூரியன் என்றால் ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழுமே என்று சொன்னவரும் அவர்தான். கொட்டகையில் இரண்டு மின்குமிழ்களைத் தூக்கி, ஒன்றுக்கு நீலத் தாளைச் சுற்றி, நிழலுக்குள் நிழல் எப்படி விழுகிறதென்று காட்டினார். கோபிகா நிலத்தில் குந்தியிருந்து அரைமணி நேரம் பார்த்தாள். தங்கள் விளையாட்டு முழுவதையும் திருத்த வேண்டும் என்று தலையில் கை வைத்தாள். அந்த இரவு ஆழ்வாப்பிள்ளை சோற்றை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

பின்னேரம் நாலரைக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். ரோல்ஸ் கொண்டுவருவார்கள், அவர் தேத்தண்ணி போடுவார். சிவப்புத் தூசி நிலத்துக்கு ஒரு வாகனம், கறுத்தச் சேற்றுக்கு ஒன்று, உப்பு வெளிக்கு ஒன்று. ஆறு கிழமையில் பதினொன்று முடிந்தன. தன் காலத்துக் கதைகளெல்லாம் அவர் சொன்னார். அவர்கள் கேட்டார்கள். வாகீசன் அவரைச் சீண்டவும் பழகிவிட்டான். ஐயாவை அந்தக் கிரகத்துக்கு அனுப்பினால் சண்டையே நடக்காது, ஒருத்தனை ஒருத்தன் கண்டால்தானே என்பான்.

பன்னிரண்டாவது, வெள்ளைக் கல் நிலத்துக்கான வாகனம். திங்கட்கிழமை தொடங்கினார், செவ்வாய் மத்தியானம் முடிந்தது. அதைப் போல ஒன்றை அவர் கையே அதுவரை செய்ததில்லை. வெயிலில் பார்க்க, கிணறு ஆழப்படுத்தியபோது கிண்டிக் குவித்த சுண்ணாம்புக் கற்கும்பியில் வைத்தார். நாலரைக்கு வாகீசன் வந்து, அந்தக் கும்பியோடு ஒட்டித்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கண்டதாகத் தெரியவில்லை.

இங்கே பார் என்று சொல்லத்தான் ஆழ்வாப்பிள்ளை வாயெடுத்தார். ஆனால் பதின்மூன்றாவது என்று ஒன்று இல்லை. நாளைக்கு நாலரை மணிக்கு ஒரு சத்தமும் இராது.

"இன்னும் சரிவரேல்லை," என்றார்.

அன்றிலிருந்து மேசையில் மாற்று வாகனம் ஏறியது. அவர்கள் வரும் நேரத்துக்கு அது பாதி நிறத்தோடு நிற்கும். போனபின் பெயின்ற் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்துவிடுவார். மறுநாள் திரும்பவும் தொடக்கம். எந்த வேலையையும் சொன்ன நாளுக்கு முந்தி முடித்த மனிதர், பன்னிரண்டு நாட்களாகச் சாம்பலில் மஞ்சள் கூடிவிட்டது, நீலம் காணாது என்று தன் வாயாலேயே தன் கைக்குக் குறை சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் எரிந்தது. ஆனாலும் தேத்தண்ணிக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

விளையாட்டைக் கொண்டுபோய் வைக்கவிருந்த கொழும்புக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோபிகா கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தாள்.

"ஐயா, குறை நினைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கண் டொக்டரிட்டை உங்களுக்கு நம்பர் எடுத்திருக்கிறன். நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவர் கண்ணை! வேறு யாரும் சொல்லியிருந்தால் கேற்றைக் காட்டியிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் முன்னால் விரிந்தது. முச்சக்கர வண்டியில் பக்கத்தில் ஒரு ஆள். வாங்கில் இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருப்பது. பிறகு கடையில் தேத்தண்ணி. கண்ணில் பூ விழுந்துவிட்டதென்றால் இன்னும் நாலு தரம் போக வேண்டியும் வரலாம். ஓம் என்ற சொல் உதட்டுக்கு வந்துவிட்டது.

அப்போது வாகீசன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"இதைக் கொம்பியூட்டரிலையே முடிக்கிறம் ஐயா, நீங்கள் கஷ்டப்படாதைங்கோ. அந்தப் பதினொண்டையும் ஒருக்காத் திரும்பிப் பாக்க வேணும். நிறம் எங்கையாவது பிழைச்சிருக்கும்."

ஆழ்வாப்பிள்ளை எழுந்தார்.

"உன்ரை மோட்டார் சைக்கிள் எங்கை நிக்குது?"

"கிணத்தடியிலை."

"அதிலையிருந்து ஒரு முழம் தள்ளி என்ன கிடக்குது எண்டு பாத்துச் சொல்லு."

வாகீசன் போனான். "கல்லு," என்றான்.

"வடிவாப் பார்."

"கல்லுத்தான் ஐயா."

கோபிகாவும் போய்ப் பார்த்தாள். அவளுக்கும் கல்தான். ஆழ்வாப்பிள்ளை நடந்து போய்க் குனிந்து, ஒரு கல்லைத் தூக்குவது போலத் தூக்கினார். அதற்கு எட்டுச் சில்லு இருந்தது.

"பன்னிரண்டு நாளா உதைத் தாண்டித்தான் போய் வாறியள். இனிச் சொல்லுங்கோ, ஆற்றை கண்ணை டொக்டருக்குக் காட்டிறது?"

வாகீசன் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காகம் பறந்தது. வாகனத்தை வாங்கிக் கல்லில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றான். கோபிகா சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பாதி நிற வாகனத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன் ஐயா முதலே சொல்லேல்லை?"

"உங்களைச் சோதிச்சுப் பாத்தனான்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. குரல் அசையவில்லை.

போகும்போது, கண்காட்சி முடிய வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அதில் இரக்கத்தின் வாசம் அவருக்கு அடித்தது. வேலை இருந்தால் வரச் சொன்னார், சும்மா வந்து மினக்கெட வேண்டாம் என்றார். கேற்றைத் தானே சாத்தினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலுமணிக்கே குளித்து, தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இணுவிலில் கிடைக்காத மரக்கறி திருநெல்வேலிச் சந்தையில் என்ன இருக்கிறது? ஆனாலும் போனார். அந்த மாடிக் கட்டடத்தின் கீழே வாகீசனின் மோட்டார் சைக்கிள் நின்றது. மேலே யன்னல் திறந்திருந்தது. இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் சத்தம் கேட்டது.

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் புதிதாக ஒரு கீறல், விரல் நீளம். கல்லில் உரசினதாக இருக்கும். ஆழ்வாப்பிள்ளை பெருவிரலால் அதைத் தடவினார். ஆழமில்லை. நீலத்தில் ஒரு துளி கறுப்பு, அரைமணி நேர வேலை. மாடிப்படியைப் பார்த்தார். ஏறிப் போய்ச் சொன்னால் நாளைக்கே கொண்டுவருவார்கள்.

அறுபது வருடத்தில் வேலை கேட்டு அவர் ஒருவருடைய படியும் ஏறியதில்லை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்தைக்குள் போய் ஒரு வாழைக்காய் கேட்டார். ஒன்று என்னத்துக்குக் காணும், இரண்டாக எடுங்கோ என்றாள் கடைக்காரி. ஒன்று போதும் என்றார்.