எட்டு குவார்ட்டர் அழகிரிசாமி

அழகிரிசாமி வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் குடித்ததில்லை. எழுபத்தொரு வயதில் அவருக்குக் குடிகாரப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் கோவில்பட்டி இதய டாக்டர்.

இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோக்கிறது என்று நீர் பிரிய மாத்திரை கொடுத்தார் டாக்டர். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார். நூற்றிருபது ஆடுகளின் பின்னால் கரிசலில் அலைகிறவர் லிட்டரை எதில் அளப்பார்? ஓடையோரம் கிடந்த காலி குவார்ட்டர் பாட்டில்களில் எட்டைப் பொறுக்கி வந்தார். மனைவி வெள்ளைத்தாய் உள்ளே சாம்பல் போட்டுக் குலுக்கி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, அதற்குப் பிறகும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த லேபிளையாவது கிழிச்சுப் போடுங்க."

"நூத்தியெண்பது மில்லின்னு அதுலதான போட்டிருக்கு. கிழிச்சுட்டா அளவுக்கு யாரு சாட்சி?"

அன்று முதல் எட்டு பாட்டில் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்குக் கிடையாது. மாத்திரையும் ஒரு நாள் தவறவில்லை. இவ்வளவு கறாரான நோயாளி எந்த டாக்டருக்கும் வாய்த்திருக்க மாட்டார். அதுதான் வினையாகிவிட்டது.

டாக்டர் சொன்னது மார்கழியில். சித்திரையில் வெயில் நூற்றைந்து டிகிரியைத் தொட்டது. ஆடுகளுக்கு மதியம் உடைமர நிழலும் இரண்டு வேளைத் தண்ணீரும் கிடைத்தன. அவருக்கு அதே எட்டு.

வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொடுக்கும் ராமலட்சுமி எச்சரித்தாள். "பெரியப்பா, இந்த வெயிலுக்கு அளவு மாறும். டாக்டர்ட்ட கேளுங்க."

"மாத்தணும்னா அவியளே கூப்பிட்டுச் சொல்ல மாட்டாவளா?"

அந்த வாரம் எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி, அறுவடை முடிந்த ஒரு காட்டில் எருவுக்காகக் கிடை போட்டிருந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. மதியம் ஒரு மணிக்கு டீக்கடைக்கு எதிரே வெட்டவெளியில் சாய்ந்தார். பையிலிருந்து பாட்டில்கள் உருண்டன.

"அஞ்சு காலி, மூணு பாக்கி. ஒத்த ஆளுலே!" பெஞ்சிலிருந்து வியந்தான் யோகராஜ்.

"தெளிஞ்சதும் எந்திரிப்பாரு, கெடக்கட்டும்" என்றார் கடைக்காரர் இசக்கிதுரை.

அந்த ஊருக்கும் மாத்திரை கொடுக்கிறவள் ராமலட்சுமிதான். பெட்டியோடு ஸ்கூட்டியில் வந்தவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நெற்றி அடுப்புக் கல்லாகச் சுட்டது.

"பெரியப்பா, நான் யாரு?"

"சினை ஆடு" என்றார்.

அவள் திரும்பினாள். "ஏலே, குடிச்சிருந்தா வாடை அடிக்காதா? மோந்து பாருங்கலே!"

யோகராஜ் அவர் வாயை மோந்தான். பாட்டிலையும் மோந்தான். முகம் தொங்கிவிட்டது. "வெறும் பச்சத்தண்ணிதான்க்கா."

"மனுசன் சாகக் கெடக்காரு, நீ ஏமாந்தவன் மாதிரி நிக்குத. தூக்குலே!"

நிழலுக்குத் தூக்கினார்கள். அவள் 108-க்கு அடித்தாள். கடைக் குடத்துத் தண்ணீர் முழுக்க அவர் தலையிலும் மார்பிலும் போனது. ஆளுக்கொரு செய்தித்தாளால் விசிறினார்கள். டம்ளரோடு வந்த இசக்கிதுரையின் கையைத் தட்டிவிட்டாள். "நெனவு தெளியாம வாயில ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிரும் அண்ணாச்சி."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அழகிரிசாமி கண் திறந்து பாட்டில்களை எண்ணினார். "ஒண்ணு கொறையுது." யோகராஜ் தன் கையிலிருந்ததைக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கோடை முடியும்வரை தண்ணீர் பத்து பாட்டில், உச்சிவெயிலில் ஆடுகளோடு அவரும் நிழலில். தினமும் காலையில் எடை பார்த்து ராமலட்சுமியிடம் சொல்ல வேண்டும்.

கூடுதல் இரண்டு பாட்டில்களைத் தந்தவன் யோகராஜ். அவற்றைக் காலி செய்ய அவனுக்கு ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை.