இஸ்திரிக் கரியும் ஒரு டிரம் தண்ணீரும்

திண்டுக்கல் நகைப் பட்டறை ஒன்றில் கழிவுத் தண்ணீரிலிருந்து தங்கம் பிடிப்பது என் வேலை. கேட்க ராஜ உத்தியோகம் மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஒரு குழாயைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். திராவகத்தில் தங்கத்தைச் சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சம் தங்கம் கரைந்து நிற்கும். சிரட்டைக் கரி அடைத்த பைப்பில் அதை நூல்போல விட்டால், கரியில் இருக்கிற பொடிப்பொடி ஓட்டைகளில் தங்கம் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு இதற்கு மேல் தெரியாது.

அந்த வாரம் பட்டறை முதலாளி பாய் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை பொன் பிரிக்கிற கோயமுத்தூர் மிஷின்காரன் வாரான். அதுக்குள்ள இந்த டிரம்ல பொன்னப் பிடிச்சுக் காட்டு. இல்லாட்டி இனிமே தண்ணி அவனுக்குத்தான்."

பைப்பில் கரி பாதிதான் இருந்தது. வாங்க எரியோடு ஊர் பாக்டரிக்குப் போகணும். முழங்கால் மறுத்தது. என் வீட்டுக்காரி துணி தேய்க்கிறவள். அவள் கரி மூட்டையில் கை வைத்தேன்.

"ஏன்யா, நாளைக்கு நான் என்னத்த வச்சுத் தேய்க்க? உன் மண்டையவா?"

"கரியில என்னடி உசத்தி, மட்டம்?" என்று அள்ளிக்கொண்டு போய்ப் பைப்பை நிரப்பினேன்.

செவ்வாய் சாயங்காலம் தண்ணீர் முழுக்க இறங்கி முடிந்தது. பாய் அதில் ஒரு கிண்ணம் மொண்டு, சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டார். ஊதாவாக மாறியது. தங்கம் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னத்தலே போட்ட?"

சொன்னேன்.

"அடுப்புக் கரில அம்புட்டு ஓட்டை ஏது? பாக்டரில ஆவி விட்டுல்ல ஓட்டை போடுறான். அதுக்குத்தான காசு."

"ஓட்டைக்கா காசு? அப்ப என் பனியன யாராச்சும் வாங்குவாங்களா பாய்?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, இறங்கிய தண்ணீர் கீழ் டிரம்மில் அப்படியே இருந்தது.

புதன் காலை முதல் பஸ்ஸில் எரியோடு போனேன். மூட்டையைத் தோளில் சுமந்து வந்து, வீட்டுக்காரி கரியைக் கொட்டிவிட்டு நல்ல கரியை அடைத்தேன். கீழே இருந்த தண்ணீரை வாளி வாளியாக மேலே ஏற்றினேன். சீக்கிரம் முடிய, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட ஆசைதான். திறக்கவில்லை. மூன்று நாள் அந்த நூலைப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

சனிக்கிழமை காலை பாய் மறுபடி மருந்து விட்டார். நிறம் மாறவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். மாறவில்லை. மிஷின்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார்.

"அடுத்த டிரம் உள்ள கெடக்கு, உருட்டிட்டு வாப்பா."

எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பு என்னோடு வரவில்லை.

"செத்த நேரம் பொறுங்க பாய்" என்றேன்.