திரும்பி வந்த மெயில்

மணப்பாட்டு டெல்பினுக்குக் கப்பல் என்றால் பயம் கிடையாது. கணவன் அனிஷே கப்பலில்தான் வேலை பார்க்கிறான். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் ஏற்றும் கம்பெனி ஒன்றில் அவள் மெயில் பிரிவு. பிரிவு என்ன பிரிவு, அவள் ஒருத்திதான். காலையில் வந்ததும் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு, என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு மெயில் போடுவாள்.

சில திரும்பி வரும். அவர்கள் மெயில் பெட்டி நிரம்பியிருந்தால் மறுபடி அனுப்பலாம். அப்படியொரு முகவரியே இல்லை என்று வந்தால் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெயில் கம்பெனிக்காரன் மொத்தக் கணக்கையும் முடக்கிவிடுவான். கப்பல் முகவரி கேப்டனுடையது அல்ல, கப்பலுடையது. ஆள் மாறினாலும் அது மாறாது. அதுவே போய்விட்டால் கப்பல் போய்விட்டது என்று அர்த்தம்; உடைத்திருப்பார்கள், இல்லை மூழ்கியிருக்கும். "இன்னிக்கு ரெண்டு கப்பல் காலி" என்று சிரித்துக்கொண்டே நீக்குவாள். அடுத்தவன் கப்பல்தானே.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது அனிஷின் கப்பலுக்குப் போட்ட மெயில்.

டெல்பினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுக்கடலில் அவன் போனுக்குச் சிக்னல் கிடையாது. அவனை வேலைக்கு ஏற்றிவிட்ட மும்பை ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. முகவரியை நீக்கினால் அவனையே நீக்கியதாகிவிடும் என்று ஒரு கிறுக்கு எண்ணம். மறுபடி அனுப்பினாள். திரும்பியது. மறுபடியும் அனுப்பினாள். மதியத்துக்குள் கணக்கு முடங்கிவிட்டது.

முதலாளி செந்தூர்வேல் வந்து நின்றார்.

"ஏளா, ஒரே முகவரிக்கு இத்தன தடவயா அனுப்புவ? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அது எங்க வீட்டுக்காரவ கப்பலு, அண்ணாச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணும் இருக்காது" என்றார். அவர் குரல் சரியில்லை. டெல்பின் மறுபடி மும்பைக்குப் போன் போட்டாள்.

பொழுது சாயும்போது போன் வந்தது. அனிஷ்தான்.

"ஏளா, கப்பல வித்துட்டாவ. சிங்கப்பூர்ல நிக்கோம். பழைய பேரச் சுரண்டிட்டுப் புதுப் பேரு எழுதுதோம். மெயிலும் மாறிட்டு. சாப்ட்டியா?"

சாப்பிட்டாளா என்று கேட்கிறான் மனுஷன். டெல்பின் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள்.

மறுநாள் மெயில் கம்பெனிக்காரனிடம் கெஞ்சிக் கேட்டுக் கணக்கைத் திறக்க வைத்தார்கள். அனிஷ் கப்பலின் பழைய முகவரியை நீக்கினாள். அதற்குக் கீழே, அதே செவ்வாய்க்கிழமை மெயில் திரும்பிய இன்னொரு கப்பலின் முகவரி இருந்தது. கேள்விப்படாத பெயர். நீக்கப் போன விரல் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இந்தக் கப்பல் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டா?"

"நமக்கு என்னத்துக்குளா அது?"

"அதுல யாரு வீட்டு ஆளு இருக்காவளோ" என்று சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.