கழிவுக் குழாயில் நுரைத்த சோப்பு

காலை ஆறு பத்து. வத்தேகம பக்கம், எங்கள் குடியிருப்பின் தண்ணீர் சுத்திகரிப்பு அறைக்குப் பின்னால் வடிகால் கான் நிறைய வெள்ளை நுரை. இது நடந்தது போன வருடம்.

நான் அண்ணனுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். அவருக்குச் சிறுநீரக வருத்தம். எங்கள் கிணறுகளில் கடினத்தன்மையும் ஃபுளோரைட்டும் கூடுதல் என்பதால், வடிகட்டிய தண்ணீரை மட்டும் குடிக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். அறையில் உள்ள இயந்திரம் கிணற்றுத் தண்ணீரை மெல்லிய சவ்வு ஒன்றின் ஊடாக அழுத்தித் தள்ளும். நல்ல தண்ணீர் தாங்கியில் சேர்ந்து முன்பக்கக் குழாயில் வரும். சவ்வு தடுத்த உப்புகளோடு கழிவுத் தண்ணீர் பின்பக்கக் குழாயால் கானுக்கு ஓடும்.

அந்தப் பின்பக்கக் குழாயில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது கழிவுத் தண்ணி. வாயில வச்சிராதீங்க" என்றேன். இதை அவரிடம் முன்பும் சொல்லியிருக்கிறேன்.

"கழிவுன்னுதான் சொல்றீங்க மிஸ். முந்தி அரைக் கட்டி தேச்சாலும் நுரைக்காது. இப்ப தொட்டாலே பொங்குது. நேத்து இதுலதான் டீ போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு."

நான் முன்பக்கம் வந்து கேனை வைத்தேன். கடினமான தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கழிவில் இன்னும் மோசமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த நுரை எப்படி? புதுச் சோப்பாக இருக்குமா?

கேன் நிறைந்தும் கிளம்பவில்லை. பக்கத்தில் கடை வைத்திருக்கும், இயந்திரத்துக்குப் பொறுப்பான முஸ்லிம் நானாவைக் கூப்பிட்டேன். அவர் உப்பு அளக்கும் மீட்டரோடு வந்தார். இரண்டு குழாயிலும் ஒவ்வொரு கிளாஸ் பிடித்து அளந்தோம். முன்பக்கத் தண்ணீரில் எண் மிக உயர்ந்தது. பின்பக்கத் தண்ணீரில் மிகக் குறைந்தது.

"பெட்டரி எறங்கீக்கும் மிஸ்" என்றார்.

கிளாஸ்களை நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கழுவி, மறுபடி பிடித்தோம். அதே எண்கள். நானா தன் கடையிலிருந்து போத்தல் தண்ணீர் எடுத்து வந்து அளந்தார். அது பின்பக்கத் தண்ணீரோடு ஒத்துப்போனது. மீட்டரில் பிழை இல்லை. அப்போதும் எங்கள் இருவருக்கும் எது எதுவென்று பிடிபடவில்லை.

கடைசியில் அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து குழாய்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். சவ்விலிருந்து வெளிவருவது இரண்டு குழாய். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பருமன். பத்தொன்பது நாட்களுக்கு முன் சவ்வு மாற்ற வந்தவர் அவற்றை மாற்றிச் செருகியிருந்தார். அதன் பிறகு ஒருவரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. கழிவு தாங்கிக்குப் போனது, நல்ல தண்ணீர் கானுக்குப் போனது.

அக்கா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் எங்க வீட்டுத் துணிதான் நல்ல தண்ணி குடிச்சிருக்கு" என்றார். நானா சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சவ்வு மாற்றிய வாரம் அண்ணன், "இப்பதான் தண்ணி தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார். அதுவரை சப்பென்று இருக்கிறது என்று பாதிதான் குடிப்பார். புதுச் சவ்வு நல்லது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். தினமும் கூடுதலாக ஒரு போத்தல் நிரப்பியும் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முன்பைவிட மோசமாக இருந்தது. நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். இந்த வருத்தம் தானாகவும் கூடும், தண்ணீராலா என்று சொல்ல முடியாது என்றார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில்தான். யாராவது நாம் எதிர்பாராத ஒன்றைச் சொன்னால், அதை முதலில் அளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தப் பத்தொன்பது நாட்களும் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நான் மட்டும்தான்.