கறி நல்லாயிருக்காம்

பக்கத்து வளவுப் பிள்ளையின் கலியாண அழைப்புக் காட் போன கிழமை வந்தது. வழக்கம்போல மேலே என் சித்தப்பாவின் கவிதை. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுகிற வீட்டில் தெய்வம் குடியிருக்கும் என்பது அதன் சாரம். எங்கள் பக்கத்தில் அந்த வரிகள் இல்லாமல் யாரும் காட் அடிப்பதில்லை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. என்றாலும் அதைப் பார்க்காமலே சொல்வேன். அது எழுதப்பட்ட வீட்டில் நான் இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிள்ளையில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று அம்மா என்னைத் தர்மபுரத்திலிருந்து கூட்டிவந்து உருத்திரபுரத்தில் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். துணை என்றால் என்ன வேலை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சித்தப்பாவும் சின்னம்மாவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சண்டையும் இல்லை. பேச்சு எப்போது நின்றது, ஏன் நின்றது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அங்குமிங்கும் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“தம்பி, சோறு காணுமோ எண்டு கேள்” என்பார் சின்னம்மா, சித்தப்பாவின் தட்டுக்கு மேலே அகப்பையைப் பிடித்தபடி.

நான் தலையைத் திருப்பி, “சோறு காணுமோ?” என்பேன்.

“காணும் எண்டு சொல்லு.”

தலையை மற்றப் பக்கம் திருப்புவேன். “காணுமாம்.”

அதன்பிறகுதான், போதும் என்று அகப்பை விலகும்.

வெளியாட்கள் வந்தால் சித்தப்பா வேறு மனிதர். சைக்கிளில் வருகிற இளைஞர்களோடு ஓயாமல் கதைப்பார், விழுந்து விழுந்து சிரிப்பார். தேத்தண்ணி கொண்டுவரும் சின்னம்மாவைப் பார்த்து அவர்கள், “குடுத்து வைச்ச ஆள் அக்கா நீங்கள்” என்பார்கள். சின்னம்மா சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். அவர்கள் போனபின் வீடு அடங்கிப்போகும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்கும். எனக்கும் அங்கே கதைக்க யாருமில்லை. மற்றவர்கள் பேச்சைச் சொல்லிச் சொல்லி என் சொந்தப் பேச்சு குறைந்துபோனது. அது இன்றுவரை கூடவில்லை.

ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கவியரங்கம். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொல்லும் ஒரு சொல்லில் தன் களைப்பெல்லாம் தீர்ந்துபோவதாகச் சித்தப்பா பாடினார். சனம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண் சின்னம்மாவைக் கிள்ளி, “உம்மைத்தானப்பா பாடுறார், அவர் முகத்தைப் பாருமன்!” என்றார்.

திரும்பும்போது சித்தப்பா வாய்க்கால் கரையில் வெகுதூரம் முன்னால் நடந்தார்.

“உனக்கு விளங்கினதோ?” என்று சின்னம்மா என்னைக் கேட்டார்.

“ஓம். உங்களைத்தானே சொன்னவர்.”

சின்னம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

நான் வழியெல்லாம் யோசித்தேன். சித்தப்பாவிடம் இவ்வளவு சொற்கள் இருக்கின்றன. நேரே சொல்ல வெட்கம்போல. கொண்டுபோகிற வேலை என்னுடையதுதானே.

அடுத்த நாள் மத்தியானம் விரால் குழம்பு. கை கழுவத் தண்ணி கேள் என்று சித்தப்பா என்னை அனுப்பினார். நான் குசினிக்குப் போய்த் தண்ணி கேட்டுவிட்டு, “கறி நல்லாயிருக்காம்” என்றேன்.

சின்னம்மாவின் கை செம்பிலேயே நின்றது. “ஆர் சொன்னது?”

“சித்தப்பா.”

“திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். சின்னம்மா குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு விரால் அடிக்கடி வந்தது. நானும் துணிந்துவிட்டேன். நீங்கள் மெலிஞ்சு போனீங்களாம் என்றேன். நீலச் சீலை வடிவாம் என்றேன். சின்னம்மா பாத்திரம் கழுவும்போது மெல்லப் பாடுவது கேட்கத் தொடங்கியது.

ஒரு பின்னேரம் அந்த நீலச் சீலையை உடுத்து, தேத்தண்ணியை என்னிடம் தராமல் தானே கொண்டுபோனார். நான் பின்னால் போனேன். சித்தப்பா மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ” என்றார் சின்னம்மா, நேரே அவரைப் பார்த்து. “நாளைக்கும் விரால் வாங்கட்டோ? உங்களுக்குப் பிடிக்குமெண்டு...”

சித்தப்பா தலை நிமிரவில்லை. “தம்பி, எழுதேக்குள்ளை கரைச்சல் தரவேண்டாமெண்டு சொல்லு.”

சின்னம்மா என் தோள் உரச நின்றார்.

“சொல்லடா” என்றார் சித்தப்பா.

நான் சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். “தேத்தண்ணி நல்லாயிருக்காம், சின்னம்மா.”

தேத்தண்ணி இன்னும் சின்னம்மாவின் கையில்தான் இருந்தது.

அதை மேசையில் வைத்தார். என் தலையைத் தடவி, உள்ளே கூட்டிப்போனார்.

மறுநாள் காலை என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தார். பொய் சொன்னதற்குத்தான் அனுப்புகிறார் என்று நான் அழுதேன். சின்னம்மா ஏசவில்லை. கிளிநொச்சிக்குக் கூட்டிவந்து, கண்டக்டரிடம் சொல்லி, பஸ்ஸில் யன்னல் கரையில் இருத்தினார். பஸ் வெளிக்கிடும்போது கீழே நின்று, யன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்:

“அழாதை. உன்னைப்போல நல்ல பிள்ளை வேறை இல்லையாம். சித்தப்பா சொன்னவர்.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. சித்தப்பா என்னைப் பற்றி அப்படிச் சொன்னாரே என்று தர்மபுரம் வரும்வரை சந்தோசமாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் சொன்னதும் அதைத்தான். இனி அந்த வீட்டில் சோறு காணுமோ என்று யார் கேட்பது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.