அடைக்கூடை ஆணி

எங்கள் வீட்டில் கோழி வளர்த்தோம் என்பதைவிட, கீரிக்கும் பருந்துக்கும் தீனி வளர்த்தோம் என்பதுதான் சரி. மிஞ்சியதைக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் கொண்டுபோகும். ஆனாலும் அத்தை விடமாட்டாள். அப்பாவின் அக்காவான அவள், கணவர் இறந்தபின் எங்களோடுதான் இருந்தாள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் கோழிகளைத் திறந்துவிட்டு, கம்பு தூவி, ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அந்த முறை அடையில் உட்கார்ந்த செவலைக் கோழி எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டுச் சித்தி வாரத்துக்கு விட்டது. பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி எங்களுக்கு. சித்தியும் அத்தையும் ஆலையில் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள்.

அத்தை கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியையும் கரித்துண்டையும் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“இடி இடிச்சா உள்ள இருக்க கரு கலங்கிப் போகும் தாயி. இரும்பு இருந்தா அண்டாது.”

வேட்டுச் சத்தமும் அண்டாதா என்றேன். அதுவும்தான் என்று சிரித்தாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேட்டுச் சத்தத்தில் இரண்டு வகை தெரியும். ஒன்றுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றொன்றுக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அந்த இரண்டாவதை நினைத்து நான் ரொம்பப் பயந்திருந்தேன். மறுநாள் காலை, அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, அத்தையின் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டுவைத்தேன்.

பட்டாசு ஆலைக்குள் இரும்பு போகக்கூடாது. உரசிப் பொறி பறந்தால் போதும். இது எனக்குத் தெரியாது. ஆலை வாசலில் செல்போனும் தீப்பெட்டியும் தேடுகிறவர்கள் கையில் அன்று ஆணி அகப்பட்டது. இன்றைக்கு வேலை இல்லை என்று அத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் நடந்தே வந்தவள், ஆணியை என் முன்னால் போட்டுவிட்டு, முதல்முறையாக என்னை அடித்தாள். நான் அழுது முடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. தெரு வாசலுக்கு வந்தது.

அத்தை வழக்கமாக உட்காரும் அறைதான் வெடித்திருந்தது. சித்தி திரும்பி வரவில்லை.

சில நாளில் குஞ்சுகள் பொரித்தன. ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டையையும் இரும்பு காத்தது, அத்தையையும் காத்தது. அத்தையோ குஞ்சுகளை எண்ணிக்கூடப் பார்க்காமல், தாய்க்கோழியோடு கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு நடந்தாள். பாதி நம்முடையது என்று நான் பின்னாலேயே போய் நச்சரித்தேன். சித்தியின் பிள்ளைகள் முன்னால் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“ஆணி வச்சதுனாலதான அத்தை நீங்க பொழைச்சீக?”

அத்தை நின்று என் தலையில் கை வைத்தாள்.

“அவளுக்கும் ஒண்ணு வச்சு விட்டிருக்கலாமே, தாயி.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால் அதை எனக்கு வைத்த வேலையாகவே எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அப்பாவின் சாமான் பெட்டியைத் தரையில் கொட்டி, எங்கள் தெருவில் வேன் ஏறும் எல்லோருக்கும் ஆணி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.